நம்ம பார்ட்டி

கோலப்பனை நம்பாதே என்று அன்னக்கிளியிடம் சொல்லச் சொல்லி இந்த வாரம் எனக்கு வந்த வாட்ஸ்அப் கொஞ்சநஞ்சமில்லை. நான் சொன்னால் கேட்கிற ஆளா அவள்? கூடப்பிறந்த தம்பியாயிற்றே! ஊருக்கெல்லாம் நிலம் முடித்துக் கொடுக்கிறவன் வீட்டிலேயே இருக்க, தோப்பை வெளித் தரகன் கையில் கொடுத்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது அவள் நியாயம்.

போன வாரம் விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொட்டாரத்தில் கயிற்றுக்கடை வைத்திருந்த பகவதியப்பன் கண்ணை மூடியபோது மனைவி அன்னக்கிளிக்கு மிச்சம் வைத்தது ஒரு வீடும், வீட்டை ஒட்டிய தென்னந்தோப்பும். ஒரே மகன் ரதீஷ் வளைகுடாவில். மருமகள் நந்தனா மாமியாரோடு கொட்டாரத்தில்.

ரதீஷுக்கு அங்கே வேலை போய்விட்டது. தோப்பை விற்று அனுப்பினால்தான் சிக்கலைத் தீர்த்துவிட்டு ஊர் திரும்ப முடியும் என்று அம்மாவிடம் போனில் அழுதான். நந்தனாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான். அன்னக்கிளி அதைத் தம்பி கோலப்பனிடம் மட்டும் சொன்னாள். மருமகளிடம், "மாடி எடுக்கணும் மக்கா, அதுக்காக்கும் விக்கேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து சோறு சரியாக இறங்காமல் கிடக்கிறாள்.

இன்று வெள்ளிக்கிழமை. அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடுகிற நாள்.

காலையிலேயே கோலப்பன் வந்து இறங்கிவிட்டான். சட்டைப்பையில் பேனா, கக்கத்தில் முத்திரைத்தாள் வைத்த பிளாஸ்டிக் உறை. வந்ததும் வராததுமாகப் போனை டிவி பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுப் புட்டுக்கு உட்கார்ந்தான்.

"யக்கா, இது லேசுப்பட்ட பார்ட்டி இல்ல கேட்டியா. பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன ஆளு. புருசனும் பெஞ்சாதியும் தங்கமான மனுசங்க. நம்ம பார்ட்டியாக்கும்."

"பாக்கவன எல்லாம் நம்ம பார்ட்டின்னு சொல்லுக. பின்ன நாங்க யாருலே?"

"நீயும் நம்ம பார்ட்டிதான்க்கா!" என்று பப்படத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தான்.

தரகர்களிடம் பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. விற்கிறவரிடம் போனால் வாங்குகிறவர் நம்ம பார்ட்டி. வாங்குகிறவரிடம் போனால் விற்கிறவர் நம்ம பார்ட்டி. சரி ஐயா, நீர் எந்தப் பக்கத்து ஆள் என்று நாம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொள்கிறோம். வெளி ஆளிடமே கேட்காதவர்கள் சொந்தத் தம்பியிடம் எப்படிக் கேட்பார்கள்?

நந்தனா இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையிலிருந்தே அவள் கால் தரையில் பாவவில்லை.

"அத்தை, மாடியில ஒரு ரூம் கெழக்கப் பாத்து வேணும். அவரு லீவுல வந்தா ராத்திரி முழுக்க ஃபேன் போட்டும் புழுங்குதுன்னு சொல்லுவாருல்லா?"

"செய்யலாம் மக்கா."

"இந்த ஆளு வீடியோவுல மொகத்தக் காட்டினா பிளானை நேர்ல காட்டலாம். கேட்டா ரூம்ல நெட்டு சரியில்லங்காரு. வெறும் பேச்சுதான். கொஞ்ச நாளா இதே பல்லவி."

அன்னக்கிளி புட்டுக்குழலைக் கழுவப் போனாள். மருமகள் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அப்போது சார்ஜில் கிடந்த போன் அடித்தது. நந்தனா எட்டிப் பார்த்தாள். திரையில் எழுத்து மின்னியது: நம்ம பார்ட்டி.

"மாமா, உங்க நம்ம பார்ட்டி கூப்பிடுது!"

கோலப்பன் எச்சில் கையோடு துள்ளி எழுந்தான். இடது கையால் போனைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய், வாழை மறைவில் நின்று பேசினான். திரும்பி வரும்போது புட்டு காய்ந்து போயிருந்தது.

"யாருலே?" என்றாள் அக்கா.

"பார்ட்டிதான். வீட்ல இருந்து கெளம்பியாச்சாம்."

"அதுக்கு இப்பிடியா ஓடணும்? நாங்க கேட்டா என்ன கொறஞ்சா போவும்?" என்று நந்தனா கேலி செய்தாள். கோலப்பனும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது.

*

நாகர்கோவிலிலிருந்து அந்தப் பார்ட்டியின் கார் வந்து நின்றது. ஈஸ்வரமூர்த்தி வெள்ளை வேட்டி, கண்ணாடி, அளந்து பேசுகிற மனிதர். அவர் மனைவி உலகம்மாள் அதற்கு நேர்மாறு. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தோப்பு நன்றாக இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் இனிக்குமா, பெங்களூரில் இருக்கிற எங்க மக ஆர்த்திகா வந்தால் இந்தக் காற்றை விட்டுப் போகமாட்டாள் என்று மூன்று சங்கதி பேசி முடித்துவிட்டாள்.

"பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிரும். அதுக்கு முன்ன போட்டுருவோம் என்ன?" என்றாள்.

"எங்க அய்யாவழியில அதெல்லாம் பாக்கது கெடயாதும்மா. அய்யா தந்த எல்லா நேரமும் நல்ல நேரந்தான்," என்றாள் நெற்றியில் நாமம் போட்டிருந்த அன்னக்கிளி. "உங்களுக்கு எப்பிடி வசதியோ அப்பிடிச் செய்வோம்."

நந்தனா தட்டில் முந்திரிக்கொத்து கொண்டுவந்து வைத்தாள். உலகம்மாள் ஒன்றைக் கடித்துவிட்டு, "கடையில வாங்கினதா? இல்லியா? நீ செஞ்சதா? கைப்பக்குவம் கொள்ளாமே!" என்று மெச்சினாள். நந்தனாவுக்கு முகம் சிவந்தது. இவர்கள் நம் வீட்டுப் பக்கத்தில் குடிவந்தால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டே காப்பி எடுக்க உள்ளே போனாள்.

கோலப்பன் போனை மேசைமேல் வைத்துவிட்டு முத்திரைத்தாளை விரித்தான். பேனாவின் மூடியைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தான்.

அன்னக்கிளி பேனாவைப் பிடித்தபடி ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்தாள். அவளும் பகவதியப்பனும் சேர்ந்து குழி எடுத்து நட்ட தென்னைகள். அவள் பார்வை போன இடத்தை உலகம்மாள் கவனித்துவிட்டாள். நல்ல மனசு உள்ளவள். எழுந்துவந்து அன்னக்கிளியின் தோளில் கை வைத்தாள்.

"வெசனப்படாதீங்கம்மா. தோப்பு போனாப் போகட்டு. பையன் நல்லபடியா ஊரு வந்து சேருததுதான் முக்கியம். இந்தக் காலத்துல வேலை இன்னைக்குப் போவும், நாளைக்கு வரும். பாவம், அந்நிய தேசத்துல வேலையில்லாம எத்தன மாசந்தான் கெடப்பான்?"

காப்பித் தட்டோடு நந்தனா வாசல்படியில் நின்றிருந்தாள்.

தட்டு கீழே விழவில்லை. சினிமாவில்தான் விழும். அவள் நடந்துவந்து அதை மேசையில் வைத்தாள். பிறகு யாரைக் கேட்பது என்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"யாருக்கு வேலை போச்சு?"

உலகம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "உன் வீட்டுக்காரருக்குத்தானம்மா... ரதீஷ்தானே பேரு?"

"அத்தை?"

அன்னக்கிளி தலையை நிமிர்த்தவில்லை. "மக்கா..." என்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"அவன் சத்தியம் வாங்கிட்டான் மக்கா. நீ கெடந்து தவிப்பேன்னு..."

நந்தனாவின் குரல் வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாக வந்தது. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது.

"நாகர்கோவில்ல இருந்து வந்த இவங்களுக்குத் தெரியும். கோலப்பன் மாமாவுக்குத் தெரியும். எனக்க புருசனுக்கு வேலை இல்லங்கது எனக்கு மட்டும் தெரியாது. மாடிக்கு என்ன பெயிண்ட் அடிக்கணும்னு நான் போன்ல பாத்துட்டு இருந்தேன். நீங்களும் பக்கத்துல உக்காந்து, பச்சை வேண்டாம் மஞ்சள் எடுன்னு சொன்னீங்க. எப்பிடி அத்தை சொன்னீங்க?"

இந்தப் பெண்ணிடம் கோபமாக ஒரு சொல் அன்னக்கிளி வாங்கியது கிடையாது. இன்று வாங்கினாள். சட்டென்று தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏலே, இத நான் உனக்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்?"

கோலப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "யக்கா, எதுக்கு விக்காங்கன்னு கேட்டாங்க. வில்லங்கம் ஏதாவது இருக்குமோன்னு யோசிச்சாங்க. உள்ளதச் சொன்னாத்தான் பார்ட்டிக்கு நம்பிக்கை வரும். உனக்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"எனக்க நல்லதுக்கா? இவங்க எனக்க அவசரத்தத் தெரிஞ்சிட்டு வெலை பேசினது எனக்க நல்லதுக்கா? நீ எனக்க ஆளுல்லாலே?"

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, ஒரு நிமிசம். கோலப்பன் எங்க ஆளுல்லா? போன ஓணத்துல இருந்து எங்களுக்குத்தான் எடம் பாக்காரு. எங்க காருலதான் சுத்துகாரு. உங்க தோப்பக் காட்டினதும் அப்பிடித்தான்."

"உங்க ஆளா?"

"ஆமா. வேற ரெண்டு பார்ட்டி இதுக்கு முட்டிட்டு நிக்கு, இந்த வெள்ளிக்கிழமை முடிக்கலன்னா கைய விட்டுப் போயிரும்னு சொன்னாரு. அதான் நாங்க அடிச்சுப் பிடிச்சு வந்தோம்."

"ரெண்டு பார்ட்டியா!" அன்னக்கிளியின் குரல் ஏறியது. "எனக்கிட்ட இவங்கள விட்டா வேற ஆளே வராதுன்னு சொன்னானே! அதக் கேட்டுத்தான் நீங்க சொன்ன வெலைக்கு நான் தலைய ஆட்டினேன்."

வாங்குகிறவர்களும் விற்கிறவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே தோப்பைப் பற்றி ஒரே வாய் சொன்ன இரண்டு கதை. எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தவர்கள் திடீரென்று ஒரே பக்கம் வந்துவிட்டார்கள்.

"என்னவே கோலப்பன்," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "நீரு யாருக்க ஆளுவே?"

கோலப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன அண்ணாச்சி இப்பிடிக் கேட்டுட்டிய? ரெண்டு பேருக்கும்தான் ஆளு! கல்யாணம் பேசி முடிக்கவன் மாப்பிள்ளை வீட்டு ஆளா, பொண்ணு வீட்டு ஆளா? ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குகது இஞ்ச உள்ள வழக்கம்தானே? நான் என்ன களவா எடுத்தேன்?"

நான் சொல்வதை நீங்கள் நம்பமாட்டீர்கள். இதை அவன் மனதாரச் சொன்னான். இரண்டு பக்கமும் நல்லது செய்கிறோம் என்றே இத்தனை வருடம் நம்பி வாழ்ந்திருக்கிறான். அந்த நம்பிக்கைதான் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.

அன்னக்கிளி எழுந்து நின்றாள்.

"கமிஷன ரெண்டு பக்கமும் வாங்குலே. வேண்டாம்னு சொல்லல்ல. எனக்க வீட்டுக்குள்ள நான் அழுது சொன்ன சொல்லையும் ரெண்டு பக்கமும் விப்பியா?"

உலகம்மாள் கையிலிருந்த முந்திரிக்கொத்தை அப்படியே தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள். தெரியாமல் பேசிவிட்டோமே என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது.

கோலப்பன்தான் முதலில் வாய் திறந்தான். அக்காவின் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தான்.

"செரி, நான் செஞ்சது தப்புன்னே இருக்கட்டு. ரெண்டு அடி வேணும்னாலும் அடி. இப்பம் ராகு காலம் வரப்போவு. ஒரு கையெழுத்து. போட்டுட்டு பெறவு பேசலாம். பிள்ளை அங்க கெடந்து சீரழியுகான்லாக்கா?"

அதைச் சொன்னதும் அன்னக்கிளி துவண்டுபோனாள். தம்பி துரோகம் செய்தாலும், மருமகள் முகத்தில் முழிக்க முடியாமல் போனாலும், பிள்ளை பிள்ளைதானே? பாஷை தெரியாத ஊரில், யாரோ ஒருவன் தயவில், அவன் சாப்பிட்டானா என்றுகூடத் தெரியாது. அவள் மறுபடி உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

"நந்தனா, நீ என்னை என்ன வேணும்னாலும் சொல்லு மக்கா. ஒரு வருசம் பேசாம இரு. அவன் மொதல்ல வந்து சேரட்டு."

நந்தனா சுவரோடு ஒட்டி நின்றாள். தோப்பு போவது அவளுக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு வீட்டில் இருந்துகொண்டே வெளி ஆளாகிவிட்டோம் என்பதுதான் அவளைக் குடைந்தது.

பேனா முனை தாளில் பட்டது. 'அன்' என்று இரண்டு எழுத்து விழுந்தது.

மேசைமேல் இருந்த கோலப்பனின் போன் அடித்தது.

முத்திரைத்தாளுக்குப் பக்கத்திலேயே அது அதிர்ந்துகொண்டு நகர்ந்தது. அதன் திரையை முதலில் பார்த்தவள் நந்தனா.

நம்ம பார்ட்டி.

அவள் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்க போன் எங்க இருக்கு?"

"காருல இருக்கும்மா. ஏன்?"

"எனக்குள்ளது பையில கெடக்கு," என்றாள் உலகம்மாள்.

"காலையில கெளம்பும்போ இவருக்கு போன் பண்ணினீங்களா?"

"இல்லியே. நேத்து சாயங்காலம் பேசினதுதான்."

கோலப்பன் பாய்ந்தான். பிள்ளைகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பழகிய டீச்சர் நந்தனா அவனை முந்திக்கொண்டாள். போனை எடுத்து, அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"மாமா, அம்மை கையெழுத்துப் போட்டாச்சா?"

அந்தக் குரலைத்தான் நந்தனா தினமும் ராத்திரி காதில் வைத்துக்கொண்டு தூங்கினாள். ரதீஷ்.

"மாமா? கேக்குதா? இஞ்ச ஒரே சத்தம்."

ஆமாம், சத்தம்தான். ஒரு இன்ஜின் உறுமியது. விசில் ஒன்று கீச்சென்றது. அதற்கு மேலே ஒரு மனிதன் தொண்டை கிழியக் கூவினான்.

"கொளச்சல், கொளச்சல், கொளச்சல்! திங்கள்சந்தை, கொளச்சல் ஏறு!"

எந்த வளைகுடா தேசத்திலிருந்தும் குளச்சலுக்கு பஸ் கிடையாது.

"எத்தன நாளைக்குத்தான் மாமா நான் லாட்ஜ்ல ஒளிஞ்சு கெடக்கது? இன்னைக்கு முடிச்சிருவேன்னு சொன்னீங்கல்லா? நந்தனாவுக்கு ஒண்ணும் சந்தேகம் வரல்லல்லா?"

நந்தனாவின் கை தானாகத் தாழ்ந்தது. போன் மேசையில் போய் உட்கார்ந்தது. ஈஸ்வரமூர்த்தி தரையைப் பார்த்தார். கோலப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பக்கத்துக்கும் ஆள் என்று சற்று முன்னால் மார்தட்டினவன் மூன்றாவது பக்கம் ஒன்றை மறைத்து வைத்திருந்தான்.

அன்னக்கிளி பேனாவை மூடினாள். அழுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் போனின் பக்கம் குனிந்தாள்.

"போடல்ல மக்கா."

பஸ் ஸ்டாண்டு இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"நாகர்கோவில் வடசேரி ஸ்டாண்டுலதானே நிக்க?" என்றாள். குரல் உடையாமல் இருக்க மேசையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "கன்னியாகுமரி வண்டி ஏறினா கொட்டாரத்துல எறக்கி விடுவான். ஏறி வா. நானும் நந்தனாவும் வீட்லதான் இருக்கோம்."

ரதீஷ் பதில் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. மறுபடி ஒரு விசில் கேட்டது, ஒரு பஸ் நகர்ந்தது. அவன் அதில் ஏறினானா, ஏறினால் எந்தப் பஸ்ஸில் ஏறினான் என்று அந்த மேசையைச் சுற்றி நின்ற யாருக்கும் தெரியவில்லை.